ஆறாம் மாடித் தலையணையில் ஒரு முடி

சேதியைக் கொண்டுவந்தவர் வேன்காரர். அவரும் கண்ணால் கண்டவர் இல்லை. ஹோட்டலின் பின்வாசல் காவலாளி அவரிடம் சொன்னாராம். காவலாளிக்குச் சொன்னது அறை சுத்தம் செய்யும் பெண்களில் ஒருத்தி. அவள் காதில் போட்டது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிறார்களாம். ஆறாம் மாடியில் யாரோ ஒரு பொம்பளை வந்து படுத்துவிட்டுப் போகிறாள். வந்ததைப் பார்த்தவரும் இல்லை, போனதைப் பார்த்தவரும் இல்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, போர்வையின் மடிப்புக் கலைந்திருக்காது. ஆனால் அப்போதுதான் புது உறை மாட்டி வைத்த தலையணையின் நட்டநடுவில், தலை வைக்கிற இடத்தில், முழ நீளத்துக்கு ஒரே ஒரு முடி கிடக்கும்.

சலவைக்கூடத்துப் பெண்கள் வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதென்ன ஒரே ஒரு முடி, கஞ்சப் பேயாக இருக்கும்போல என்றாள் ஒருத்தி. எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்துவிட்டால் அடுத்த அறைக்கு எதை வைக்கும், பேய்க்கும் சிக்கனம் வேண்டாமா என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மூன்றாம் மேஜையில் நின்றவளும் சிரித்தாள். சிரித்தபடியே அவள் கை தலையை நோக்கிப் போய், பாதி வழியில் தானாக இறங்கியது.

அவளைக் கூடத்தில் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வருஷத்துக்கு முன் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பட்டம் வந்துவிட்டது. வெள்ளை உறையில் கிடக்கும் வெள்ளை முடியை நின்ற இடத்திலிருந்தே காட்டிக்கொடுத்தாள். அவள் வேலையே அதுதான். ஹோட்டல்களிலிருந்து வரும் துணி வெளுத்து, காய்ந்து, சூடு உருளையில் தேய்ந்து, கறுப்பு ரப்பர் விரித்த மேஜைகளுக்கு வரும். ஒவ்வொரு மேஜையின் பக்கவாட்டிலும் தாழ்வாக ஒரு குழல்விளக்கு. வெளிச்சம் படுத்தபடி வருவதால் ஒரு இழை முடி கிடந்தாலும் அதன் நிழல் கயிறு போல நீளும். தலையணை உறைகள் அவளுடையவை. முன்பக்கம் ஒரு பார்வை, பின்பக்கம் ஒரு பார்வை. பிறகு உறையின் மேல் விளிம்பை மோவாயால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மூன்றாக மடித்து, அடுக்கில் போட வேண்டும். இருபது சேர்ந்ததும் மேஜை எண் எழுதிய கட்டுச் சீட்டோடு பிளாஸ்டிக் உறைக்குள் போகும். அதற்கப்புறம் ஹோட்டலில் ஒருத்தி பிரிக்கும்வரை அந்தத் துணியை யாரும் பார்ப்பதில்லை.

மோவாயால் பிடிப்பது எழுதப்பட்ட விதி ஒன்றும் இல்லை. எல்லோரும் அப்படித்தான் மடித்தார்கள். மூன்றாவது கை கடவுள் கொடுக்கவில்லை, அதற்குத்தான் மோவாய் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்கள்.

வெள்ளைத் துணியோடு அவளுக்கு வேறொரு பழக்கமும் உண்டு. பதினாறு வயதில் முகத்தில் தொடங்கிய பரு இருபத்தொன்பதிலும் போகவில்லை. மற்றவர்களுக்கு வருகிற மாதிரிப் பொட்டுப் பொட்டாக வந்து போகிற பரு இல்லை. தோலுக்கு அடியில் கொட்டைபோல் உருண்டு, கன்றி, வாரக்கணக்கில் வலித்து, உடைகிற பரு. வீட்டில் அவளுடைய தலையணை உறையில் தினமும் காலையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பொட்டு இருக்கும். அதை அலசிப் போட்டுவிட்டு வந்து, ஊரார் உறையில் அழுக்கு தேடுவாள். கூடத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள். அவள் முகத்தைப் பார்த்துப் பேசினால் சங்கடப்படுவாள் என்று அவள் தோளைப் பார்த்து, கையைப் பார்த்து, பின்னால் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார்கள். எட்டு வருஷத்துப் பழக்கம். அந்த நல்ல மனசுதான் பிறகு வினையாக முடிந்தது.

கடைசியில் அக்காதான் பிடிவாதமாகத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இரண்டு பேரும் சேர்ந்து குடியிருப்பவர்கள், அக்காவின் வாய்க்குத் தப்பிக்க வழி இல்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், காகிதத்தில் கையெழுத்து வாங்கினார், ஏழு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். உதடு வெடிக்கும், கண் உலரும், தலைத்தோல் காயும், சிலருக்கு முடி கொஞ்சம் மெலியும், எதுவானாலும் வந்து சொல்ல வேண்டும் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காதில் விழுந்தது ஒன்றுதான்: முகம் சரியாகும்.

சரியாகவும் ஆனது. மூன்றாம் மாதம் கன்னத்தில் கட்டிகள் வற்றின. நான்காம் மாதம் நெற்றி வழுவழுத்தது. ஒரு நாள் காலையில் கண்ணாடியில் பார்த்தபோது உள்ளே நின்றவள் யார் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. நல்ல முகம்தான். ஆனால் அது அவளைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் பல் தேய்த்தால் அதுவும் தேய்த்தது, அவ்வளவுதான். அன்றைக்குத் தலையணை உறையில் பொட்டு எதுவும் இல்லை. பொட்டு இருந்த இடத்தில் முடி கிடந்தது. ஒன்றல்ல, ஒரு கை.

தலைத்தோல் ஒரு அளவு சின்னதாகத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிட்டிருந்தது. புருவத்தை உயர்த்தினால் உச்சிவரை இழுத்தது. சொறிந்தால் தவிடு கொட்டியது. கறுப்பு ரப்பர் மேஜையில் அது பனி மாதிரி விழும், அவள் முழங்கையால் துடைத்துவிடுவாள். அக்கா தன் பங்குக்கு வைத்தியம் பார்த்தாள். வெந்நீரை நிறுத்தி வெதுவெதுப்பான நீர், வாரத்துக்கு இரண்டே முறை மென்மையான ஷாம்பு, பல் அகன்ற சீப்பு, இறுக்கிப் பின்னக் கூடாது. குளியலறைத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டு, "எலி செத்துக் கிடக்குதுன்னு நெனச்சேன்டி. பாத்தா உன் தலை," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கதவை மூடிக்கொண்டு வெகுநேரம் கை கழுவினாள்.

எண்ணெய் வைத்தால் தலைத்தோல் காய்வது அடங்கும். ஆனால் கூடத்தின் சுவரில் முதல் வரியே அதுதான்: தலையில் எண்ணெய் கூடாது. ஒரு சொட்டு பட்டால் வெள்ளைத் துணியில் மஞ்சள் நிலா எழும்பும். ஆகவே லீவு நாளுக்கு முந்தின சாயங்காலம் வைத்து, மறுநாள் அலசிவிடுவாள். மிச்ச ஆறு நாளும் வறட்சிதான். அந்த ஆறு நாளில், முடி விழாமல் இருக்க வேலை நேரத்தில் மாட்டும் தலைவலையின் ரப்பர் விளிம்பு நெற்றி ஓரத்தில் சுட்ட கம்பி போல எரிந்தது. அவள் அதை இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். முன்னாலிருந்து யார் பார்த்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் அவளை முன்னாலிருந்து யாரும் பார்ப்பதில்லை.

வேன்காரர் கதை சொன்ன நாலாம் நாள், அந்தத் தலையணை உறையே வந்துவிட்டது. ஒரு கண்ணாடிக் காகிதப் பைக்குள் போட்டு, புகார்ச் சீட்டோடு ஹோட்டல்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இது பேய்க் காரியம் இல்லை, உங்கள் பக்கத்துக் கவனக்குறைவா எங்கள் பக்கத்துதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். சூப்பர்வைசரம்மா அதை நேரே மூன்றாம் மேஜைக்குக் கொண்டுவந்தார்.

"நீ பாரு. உன் கண்ணுக்குத் தப்பாது. நம்ம பக்கமா, அவங்க பக்கமா, அதை மட்டும் சொல்லு."

சுற்றிலும் பெண்கள் கூடினார்கள். யாரும் துணியைத் தொடவில்லை. கழுகு பையைப் பிரித்து உறையை ரப்பரின் மேல் விரித்தாள். விளக்கு வெளிச்சம் படுத்தபடி வந்தது. நடுவில் அது கிடந்தது, வளைந்து, ஒரு கேள்வியைப் போல. நிழல் உறையின் விளிம்பைத் தாண்டி ரப்பர்மேல் போய் விழுந்தது. அவள் குனிந்தாள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளை வேர். வேரைச் சுற்றித் தவிட்டுத் துணுக்கு ஒன்று, காய்ந்த தோல். மறுமுனையில் நாலு விரல் நீளத்துக்குச் செம்பட்டை. மூன்று வருஷத்துக்கு முன் அக்காவின் கைவரிசையில் போட்ட சாயம், வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்துவிட்டது.

முடியின் குறுக்கே மடிப்புக் கோடு ஓடியது. மூன்றாக மடித்த கோடு; அதே இடத்தில் முடியும் மடங்கியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் அடைபடும் முன்பே விழுந்தது, பார்த்து முடித்து, மோவாயால் பிடித்துக் குனிந்த அந்த ஒரு நொடியில். இத்தனை வருஷமாக ஊரார் முடியைத் தேடிய கண் தன் தலைக்குக் கீழே பார்க்கவில்லை. இந்த வேலையில் சரிபார்க்கிறவளைச் சரிபார்க்க ஆள் கிடையாது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன நடக்கும் என்றும் தெரியும். மாத்திரையை நிறுத்து, இல்லை மேஜையை விடு என்பார்கள். மாத்திரை இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. பாதியில் விட்டால் பழைய முகம் திரும்பி வரும் என்று எங்கேயோ படித்திருந்தாள்.

"நம்ம பக்கம் இல்ல," என்றாள். "படுக்கை போட்டப்புறம் விழுந்தது."

சூப்பர்வைசரம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கழுகு சொல்லிவிட்டாள் என்றால் சொல்லிவிட்டாள்தான். அன்றைக்கே கடிதம் போனது.

அன்று சாயங்காலமே அவள் பருத்தித் துணி ஒன்றைத் தலைக்கு இறுகக் கட்டி, அதன்மேல் வலையை நெற்றிவரை இழுத்துவிட்டாள். எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். மோவாயைப் பயன்படுத்துவதை விட்டாள். மேஜையில் கிடத்தியே மடித்தாள். வேகம் பாதியானது. பேய்க்கதையைக் கேட்டுப் பயந்துவிட்டாள் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டாள். இனி ஒரு முடிகூடப் போகாது.

ஆனால் முடி வந்துகொண்டே இருந்தது.

வேன்காரர் தவணை முறையில் சொன்னார். ஹோட்டலில் ஆறாம் மாடியைச் சுத்தம் செய்பவள் ஒரே ஆள், இடுப்புவரை கருகருவென்று பின்னல் உள்ளவள். அதிகாரிகள் அவளைக் கூப்பிட்டு, சலவைக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டி, வேலை நேரத்தில் விருந்தாளிகளின் கட்டிலில் படுத்துத் தூங்குகிறாயா என்று கேட்டார்கள். அவள் சத்தியம் செய்தாள். மறுநாள் காது மட்டத்துக்கு முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு நாள் கழித்து, மூன்று அறைகளில் முழ நீளத்துக்கு ஒவ்வொரு முடி. வெட்டிய பின்னலை வீட்டில் வைத்துக்கொண்டு, எங்களைப் பயமுறுத்த ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போடுகிறாய் என்று இப்போது சொல்கிறார்கள்.

"அந்தப் பொண்ணு என்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா?" என்றார் வேன்காரர். "அண்ணா, அவங்க சொல்றதே நெசமா இருந்துட்டாப் பரவாயில்ல, அப்பவாவது அது பேயா இல்லாம நானா இருப்பேன்னு சொல்லுது. இப்பல்லாம் வாசல்ல நின்னுதான் உறையை உதறுதாம். உள்ள போக மாட்டேங்குது."

கழுகு இருபது உறைகளை எண்ணி எண்ணித் தவறவிட்டாள். அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. ஆறாம் மாடியில் ஒரு துணி அலமாரி இருக்கும். இங்கிருந்து போகும் கட்டுகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். ஆள்வரத்து குறைந்த காலத்தில் ஒரு கட்டு பிரிபட ஐந்து வாரம், ஆறு வாரம்கூட ஆகலாம். அவள் இன்றைக்கு மொட்டையே அடித்துக்கொண்டாலும், போன மாதம் விழுந்தவை அந்த இருட்டு அலமாரியில் மடிப்புக்குள் படுத்துக் கிடக்கும். எத்தனை என்று அவளுக்கே தெரியாது. தன் வீட்டுக் கட்டிலைத் தவிர வேறெங்கும் படுத்தறியாதவள், எத்தனை அறைகளில் யார் யார் பக்கத்தில் படுக்கப்போகிறாளோ. அந்த நினைப்பு வந்ததிலிருந்து அவளால் வீட்டில் தன் தலையணையிலேயே தலை வைக்க முடியவில்லை. கையை மடித்து அதன்மேல் தலைவைத்துப் படுத்தாள். அக்கா கேட்டதற்குக் கழுத்து வலி என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனாள். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. தலையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினாள். டாக்டர் வகிட்டை விலக்கி விலக்கிப் பார்த்தார், நாலைந்து முடியை மெல்ல இழுத்துப் பார்த்தார். அதிகமாகத்தான் கொட்டுகிறது, ஆனால் வேர் சாகவில்லை, மருந்து முடிந்தபின் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்றார். மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்தார். அதற்கேற்ப இன்னும் சில மாதம் நீட்டித்தால் முகத்துக்கும் மோசம் வராது. தலைத்தோலுக்கு ஒரு மருந்து ஷாம்பு எழுதினார், இரும்புச்சத்தைப் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். இவ்வளவுதானா. ஒரு சீட்டில் ஒரு எண்ணை அடித்து வேறு எண் எழுதுகிற வேலை. இதற்காகத்தான் அங்கே ஒருத்தி இடுப்புவரை இருந்த முடியை வெட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் துணி மூட்டையை இறக்கும்போது வேன்காரர் சொன்னார், இன்றைக்கு மூன்று மணிக்கு அந்தப் பெண்ணை விசாரிக்கிறார்கள், விசாரணை என்று பேர்தான், சீட்டைக் கிழிக்கத் தயாராகிவிட்டார்கள் என்று. அவள் போன் நம்பர் இருக்கிறதா என்று கழுகு கேட்டாள். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கட்டுச் சீட்டு ஒன்றின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவள் சூப்பர்வைசரம்மாவின் கண்ணாடித் தடுப்புக்குள் போனாள். உட்காரவில்லை.

"மேடம், அந்த முடி என்னோடது."

சூப்பர்வைசரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் முகத்தை முழுசாகப் பார்த்தார். நெற்றி, கன்னம், மோவாய் என்று நிதானமாக, ஒரு உறையைச் சரிபார்ப்பது போல.

"முகம் நல்லா ஆயிடுச்சே உனக்கு," என்றார். "எப்பலேர்ந்து?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, வலை, மோவாய், மடிப்புக் கோடு, அலமாரியில் கிடக்கும் கட்டுகள். சூப்பர்வைசரம்மா குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ சொன்னதை வெச்சுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். இப்ப நாமதான்னு சொன்னா அந்த ஹோட்டல் மட்டும் போகாது. மீதி ஹோட்டலும் போயிடும். இங்க முப்பது பேரு நிக்கறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ. வந்தப்புறம் துண்டு மடிக்கிற பக்கம் போட்டுடறேன். முகம் நல்லாத்தான் இருக்கு, கெடுத்துக்காத."

மிரட்டல் மாதிரியே இல்லை. அக்கறையாகச் சொன்னதுபோல் இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது.

கூடத்தின் பின்புறம் நீராவிக் குழாய்கள் வெளியே வந்து மூச்சு விடும் சந்து ஒன்று உண்டு. அங்கே போய் நின்றாள். வெயில் நேரம்தான், ஆனால் ஆவி மூடிக்கொண்டு நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மணி இரண்டு இருபத்தைந்து. சீட்டைப் பிரித்து நம்பரைப் போட்டாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் சலவைக்கூடத்திலிருந்து பேசுகிறேன். நீங்கள் யாரும் இல்லை. இல்லை, இப்படிச் சொன்னால் புரியாது. அது நீங்கள் இல்லை. அது பேயும் இல்லை. அது நான். மூன்றாம் மேஜை என்று சொல்லுங்கள், கட்டுச் சீட்டில் மேஜை எண் இருக்கும், எல்லாச் சீட்டையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடியின் நுனி செம்பட்டை, உங்களுடையது கறுப்பு, பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மணி போனது. போய்க்கொண்டே இருந்து தானாக அறுந்தது.

மறுபடி போட்டாள். ஒருவேளை போன் பைக்குள் இருக்கலாம், பை எங்காவது பூட்டிய அலமாரியில் இருக்கலாம். ஒருவேளை முன்னாலேயே உள்ளே கூப்பிட்டுவிட்டார்களோ. இரண்டாவது முறையும் அறுந்தது. மூன்றாவது முறை, நாலாவது முறை. சேதி அனுப்பலாமா என்று எழுதத் தொடங்கி, "அது நான்" என்ற இரண்டு சொல்லைத் திரையில் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. அழித்தாள்.

ஐந்தாவது முறை போட்டுக் காதில் வைத்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. அந்தப் பெண்ணின் கையிலேயே போன் இருக்கலாம். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். வாசலில் நின்று உறையை உதறுகிறவள், யாரோ தன்னைத் தொடர்ந்து வருகிறாள் என்று நம்புகிறவள். அவள் கையில், யாரென்றே தெரியாத ஒரு நம்பர், விட்டு விட்டு, விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

வைத்துவிடலாமா என்று நினைத்தாள். வைத்தால் மூன்று மணி ஆகிவிடும். எடுங்க, எடுங்கம்மா என்று முணுமுணுத்தபடி, போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.